ராலே வீட்டுப் புல்தரை: கோடை போய் விதை முளைத்தது

வட கரோலினாவில் டால் ஃபெஸ்க்யூ வளர்ப்பவர்களுக்குப் புத்தாண்டு செப்டம்பரில்தான். குளிரில் வளரும் புல் இது. வெப்பம் 60 முதல் 75 ஃபாரன்ஹீட்டுக்குள் இருந்தால் மளமளவென்று வரும். 90ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும்.

இந்தக் கோடையிலும் பழுப்புத் திட்டு நோய் எட்டிப் பார்த்தது. ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தால் நடுவில் வைக்கோல் நிறம், ஓரத்தில் அடர்பழுப்புக் கரை. பனி காய்வதற்குள் போனால் மெல்லிய வெள்ளைப் பூஞ்சை நூலும் தெரியும். இரவிலும் புழுக்கம் விடாத ஊரில் இது வரத்தான் செய்யும். பச்சை குறைகிறதே என்று அப்போது நைட்ரஜன் போட்டால் நோய்க்குத்தான் தீனி. அதனால் உரப்பையைத் தொடவே இல்லை. தண்ணீர் விடியற்காலையில் மட்டும், புல்வெட்டும் மோவர் 4 அங்குல உயரத்தில். என் கணக்கில் கோடைப் பராமரிப்பு அவ்வளவுதான்.

வெந்துபோன இடங்களுக்கு விதைதான் வழி. ஃபெஸ்க்யூ தூர் கட்டி நிற்குமே தவிர ஓடிப் படராது. அருகுபோல் வேரோடச் சொல்லி வாழ்த்துவோமே, அந்தக் குணம் இதற்கில்லை. அந்த அருகம்புல்லே கார் நிறுத்துமிடத்தின் ஓரமாக உள்ளே வந்துகொண்டிருப்பது தனிக்கதை. இங்கே அதற்குப் பெர்முடா என்று பெயர். ஜூலையில் ஃபெஸ்க்யூ வாடும்போது அது கொழுத்து நிற்கும்.

செம்மண் களி கல்லாக இறுகியிருந்தது. முதல் நாள் நன்றாக நனைத்துவிட்டு, மண்ணைத் துளைத்துக் கட்டி கட்டியாகப் பிடுங்கிப் போடும் ஏரேட்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டினேன். விரல் நீள மண்கட்டிகளை அப்படியே விட்டால் மழையில் கரைந்துவிடும். 1000 சதுர அடிக்கு சுமார் 3 பவுண்டு விதை. கடையில் மலிவு கென்டக்கி 31தான். 1931இல் கென்டக்கி மலைச்சரிவுப் பண்ணை ஒன்றில் கண்டெடுத்து 1943இல் வெளியிட்ட ரகம். அடிப்படையில் மேய்ச்சல் புல். உள்ளே குடியிருக்கும் பூஞ்சை புல்லுக்கு வறட்சியைத் தாங்க உதவும், மேயும் மாட்டுக்கோ நோய் தரும். நம் வீட்டில் மாடு இல்லை, ஆனாலும் அந்த அகல இலை எனக்குப் பிடிக்காது. மெல்லிலை ரகங்கள் கலந்த பையை வாங்கினேன்.

முளைக்கும்வரை மேல்மண் காயாமல் தினமும் லேசாகத் தெளித்தேன். இரண்டாம் வாரத்தில் ஊசி ஊசியாகப் பச்சை. அப்புறம் தண்ணீரைக் குறைத்து, இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சினேன். இப்போது ஓக் இலை கொட்டுகிறது. ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தால் குருத்து அழுகிவிடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊதித் தள்ளுகிறேன்.

செப்டம்பர் உரம் போட்டாயிற்று. நவம்பரில் ஒரு தவணை, பிப்ரவரியில் கொஞ்சம், அதோடு சரி. அருகம்புல்லுக்குக் களைக்கொல்லி அது பச்சையாக வளரும்போதுதான் வேருக்கு இறங்கும். குளிரில் அது காய்ந்து உறங்கப் போகிறது; அடுத்த கோடையில் பார்த்துக்கொள்கிறேன்.