பெரிய லென்ஸ், சின்ன கேமரா

பென்டகான் சிக்ஸ்ங்கற பழைய ஃபிலிம் கேமராவோட லென்ஸ் ஒண்ணு, யெனா பயோமெட்டார் 80 எம்எம் எஃப்/2.8, சோனி ஃபுல் ஃப்ரேம் (36x24 மிமீ சென்சார்) பாடில போட்டு ஒரு மாசமா சுத்திட்டு இருக்கேன். அந்த கேமராவோட 6x6 செமீ ஃபிலிம்ல இது நார்மல் லென்ஸ், இங்க போர்ட்ரெய்ட் லென்ஸ் மாதிரி ஆயிடுது, 80ங்கறது 80தான், சென்சார் சின்னதா இருக்கறதால நடுப்பகுதி மட்டும்தான் நமக்கு கிடைக்குது. மூலைகூட ஷார்ப்பா இருக்கு.

லென்ஸையும் கேமராவையும் இணைக்கற அடாப்டர் என்னன்னா வெறும் குழாய். இந்த லென்ஸுக்கு மாட்டுற இடத்துலேர்ந்து ஃபிலிம் வரைக்கும் 74.1 மிமீ தூரம் வேணும், சோனில சென்சார் வரைக்கும் 18தான், மிச்சம் 56 மிமீ சும்மா காத்து, கண்ணாடி எதுவும் கிடையாது. ஆனா முதல்ல எடுத்த படமெல்லாம் வெளுத்துப்போய் பால் ஊத்துன மாதிரி, லென்ஸையே திட்டிட்டு இருந்தேன், அப்புறம் பாத்தா நான் வாங்குன மலிவு அடாப்டர் உள்பக்கம் பளபளன்னு மின்னுது! சென்சாருக்கு வெளிய விழற வெளிச்சமெல்லாம் அதுல பட்டு திரும்புது. கறுப்பு வெல்வெட் துணி வெட்டி உள்ள ஒட்டுனேன், லென்ஸ் முன்னாடி பக்கத்து வெளிச்சத்த மறைக்கற நீளமான ஹுட் ஒண்ணு மாட்டுனேன், கான்ட்ராஸ்ட் வந்துருச்சு.

ஃபோகஸ் கையாலதான், பீக்கிங்க (ஃபோகஸ் ஆன விளிம்ப கலர்ல காட்டற வசதி) நம்பாம திரைய ஜூம் பண்ணி பாருங்க. அடுத்து லென்ஸ பக்கவாட்டுல நகர்த்த விடற ஷிஃப்ட் அடாப்டர் வாங்கணும், இமேஜ் சர்க்கிள், அதாவது லென்ஸ் உள்ள விழவைக்கற வட்டமான படம், அவ்ளோ பெருசா சும்மா கிடக்குதே.