கரும்பலகையில் அடித்து எழுதிய வரிகள்

ஒன்பதாம் வகுப்பின் 42 கட்டுரை ஏடுகளையும் விடுதி அறையில் பிரித்து வைத்தபோது இரவு எட்டு மணி. தலைப்பு சாலைப் பாதுகாப்பு. 30க்கும் மேற்பட்ட ஏடுகள் ‘இன்றைய அவசர உலகில்’ என்று தொடங்கின. வகுப்பில் எடுத்துக்காட்டாக நான் சொன்ன தொடக்கம் அது. உட்தலைப்புகளும் நான் கொடுத்தவையே. பிள்ளைகள் எழுதியது எது என்று தேடத் தேட மனம் கனத்துப் போனது.

பி.எட். இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பள்ளிப் பயிற்சியில் அது மூன்றாவது வாரம். முதலாண்டில் நுண்ணிலைக் கற்பித்தலில் தொடங்குதல் திறன், வினாக் கேட்டல் திறன், வலுவூட்டல் திறன் என்று ஒவ்வொன்றையும் சக மாணவ ஆசிரியர்கள் முன் சில நிமிடங்கள் நடத்திப் பழகியிருந்தோம். எடுத்துக்காட்டுகளை முதலில் காட்டி அவற்றிலிருந்து விதியை வருவிக்கும் விதிவருமுறையில் இலக்கணம் நடத்தப் பாடக்குறிப்பு எழுதத் தெரியும். கட்டுரை கற்பித்தல் பற்றியும் படித்துத் தேர்வு எழுதினோம். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் பதிவேடுகளைத் தவிர ஒரு பக்கம்கூட நாங்கள் சொந்தமாக எழுதவில்லை. தமிழாசிரியர் பயிற்சியின் பெரிய குறை இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

வழிகாட்டி ஆசிரியையிடம் ஏடுகளைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “இந்தத் தலைப்பில் நீ எழுதிப் பார்த்தாயாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு உட்கார்ந்தேன். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மூன்று தொடக்கங்களை அடித்தேன். தலைப்பைச் சுருக்கி, ‘நம் பள்ளி வாசலில் சாலையைக் கடப்பது’ என்று வைத்த பிறகுதான் வரிகள் வந்தன.

மறுநாள் அந்தத் தாளை எடுத்துச் செல்லவில்லை. கரும்பலகையில் அவர்கள் கண்முன்னே புதிதாக எழுதத் தொடங்கினேன். நான்காவது வரியில் நின்றுவிட்டேன். கை நடுங்கியது. ‘லாரி வேகமாக வந்தது’ என்று எழுதி, பிடிக்காமல் அடித்தேன். வகுப்பு அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு மாணவி, “லாரி போனால் கண்ணில் மண் விழும் டீச்சர், அதை எழுதுங்கள்” என்றாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் ஐஸ் வண்டியைச் சேர்க்கச் சொன்னான். ஒன்பது வரிகள் முடிவதற்குள் மணி அடித்துவிட்டது.

அதன்பின் கட்டுரை ஏட்டை ஒதுக்கிவைத்து உதிரித் தாள்களில் எழுத வைத்தேன். ஒரு பாடவேளை பேச்சும் குறிப்பும், அடுத்தது முதல் வரைவு, மூன்றாவது வேளை பக்கத்தில் இருப்பவருக்குப் படித்துக் காட்டுதல். ஏட்டில் எழுதுவது கடைசியில்தான். பாடப்பகுதி பின்தங்கிவிடும் என்ற கவலையை ஆசிரியையே தீர்த்தார். தம் நீதிபோதனை வேளைகளைக் கொடுத்தார். உட்தலைப்புகளை நான் கைவிடவில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் எட்டு மதிப்பெண் கட்டுரைக்கு அவை தேவை. எழுதி முடித்தபின் அவர்களே பிரித்துப் பெயரிட்டார்கள்.

திருத்துவதுதான் மிகக் கடினம். தொடக்கத்தில் ஒற்றுப்பிழை, ரகர றகரம், லகர ளகரம் என எல்லாவற்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டேன். ஒரு மாணவனின் பக்கத்தில் 27 வட்டங்கள். அடுத்த முறை அவன் ஆறே வரிகள் எழுதினான். பிழையில்லாமல் எழுதத் தெரிந்த சொற்கள் மட்டும். அந்த ஆறு வரிகள் என்னைத் தூங்கவிடவில்லை. முதல் வரைவில் சிவப்பு மையை நிறுத்தினேன். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: ‘அப்போது பாட்டி என்ன சொன்னார்?’ இரண்டாவது வரைவில் ஒரே வகைப் பிழையை மட்டும் பார்த்தேன். ஆளுக்கு நான்கு நிமிடம் என்றாலும் 168 நிமிடங்கள் ஆகும். நாளுக்கு 14 தாள் என்று பிரித்துக்கொண்டால் தாங்கும்.

கல்லூரியிலிருந்து வகுப்பைப் பார்க்க வந்தவர் உற்றுநோக்கல் படிவத்தில் ‘கரும்பலகைப் பணி தெளிவில்லை, அடித்தல் அதிகம்’ என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தார். விளக்கிச் சொன்னேன், ஏற்கவில்லை. வருத்தமாக இருந்தது, ஆனாலும் அடுத்த வாரமும் அப்படியேதான் நடத்தினேன்.

பயிற்சியின் கடைசி வாரத்தில், முன்பு ஆறே வரிகள் எழுதிய அந்த மாணவன் ஒன்றேகால் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். பாட்டியின் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்த கதை. ஏட்டிலேயே மூன்று இடங்களில் அடித்து மாற்றியிருந்தான். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, “அடித்ததற்கு மார்க் குறையுமா டீச்சர்?” என்று கேட்டான்.

குறையாது என்றேன்.