டிஃப் கார்டு வச்சு வெல்டு அடிச்ச கதை

போன தடவ ஆஃப்ரோடு போனப்ப ஒரு பாறை மேல ஏத்தி இறக்கும்போது அடியில இருந்து "டங்"குனு ஒரு சத்தம் வந்துச்சு, வயித்துக்குள்ள ஏதோ கழண்டு விழுந்த மாதிரி ஆயிடுச்சு எனக்கு. திரும்பி வந்து ஜாக்கி போட்டு அடியில படுத்து டார்ச் அடிச்சு பாத்தா முன் ஆக்ஸில்ல டிஃப்ரென்ஷியல (சுருக்கமா டிஃப், இஞ்சின் சக்திய ரெண்டு வீலுக்கும் பிரிச்சு அனுப்பற கியர் தொகுதி) மூடியிருக்கற அந்த கிண்ணம் மாதிரி தகட்டுல கட்டைவிரல் பதியற அளவுக்கு ஒடுக்கு. நல்லவேளை ஆயில் ஒழுகல, வீல கையால சுத்திப் பாத்தேன், உள்ள எதுவும் உரசல. இன்னும் கொஞ்சம் உள்ள போயிருந்தா கிரவுன் வீல் (டிஃபுக்குள்ள சுத்தற பெரிய பல் சக்கரம்) அந்த தகட்ட சுரண்ட ஆரம்பிச்சிருக்கும், ஏன்னா ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி ரொம்ப கம்மி.

என்னோடது பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர். இதுல முன் ஆக்ஸில்ல டிஃப் பின்பக்கம் இருந்து உள்ள போய் உட்காரும், முன்பக்கம் வெறும் அழுத்தி செஞ்ச தகடு மட்டும்தான், அதுவும் ரெண்டு மூணு மில்லி கனம் இருந்தா பெருசு, அதாவது கல்லுல போய் இடிக்கற பக்கம் பாத்துதான் இருக்கறதுலயே மெலிசான பார்ட்ட வச்சிருக்காங்க. போதாததுக்கு அடிப்பக்கம் சேறு தங்கித் தங்கி துரு வேற. அதான் 6 மில்லி பிளேட்ல ஒரு கார்டு, அதாவது அடி தாங்கற கவசம், வச்சு வெல்டு பண்ணிடலாம்னு முடிவு பண்ணேன்.

பிளேட்ட வெட்டி மடிக்கறதெல்லாம் பெரிய வேலையே இல்ல, முதல்ல அட்டையில வெட்டி வச்சுப் பாத்துட்டு அப்புறம் இரும்புல வெட்டினா போதும். கீழ் விளிம்பு மட்டும் பின்பக்கமா சரிஞ்சு போகணும், நேரா தொங்கிட்டு நின்னா அதுவே கொக்கி மாதிரி கல்லுல மாட்டும். அப்புறம் முன்னாடி குறுக்க போற ஸ்டியரிங் ராடும், ஆக்ஸில் பக்கவாட்டுல நகராம பிடிச்சுக்கற பான்ஹார்டு ராடும் இருக்கே, சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும்போது அதுங்க கார்டுல இடிக்கக் கூடாது. நான் ஸ்பிரிங்க கழட்டிட்டு ஆக்ஸில ஜாக்கியில மேல தூக்கி, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாத்தேன்.

கஷ்டமே வெல்டிங்லதான். ஆக்ஸில் ஹவுசிங்ங்கறது ஒரு நீளமான குழாய், அதோட ஒரு பக்கம் மட்டும் சூடாக்கி ஆற விட்டா அந்தப் பக்கம் சுருங்கி குழாயே வில்லு மாதிரி வளையும். வளைஞ்சா ஆக்ஸில் ஷாஃப்டு, பேரிங், சீல் எல்லாத்துக்கும் கேடு. அதனால வெல்டு அடிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு முனையிலயும் ஒரே சைஸ் கட்டை வச்சு முன்பக்கமா ஒரு நூல இழுத்துக் கட்டி, நடுவுல குழாய்க்கும் நூலுக்கும் எவ்ளோ இடைவெளின்னு அளந்து சாக்பீஸ்ல அங்கயே எழுதி வச்சுட்டேன். டிஃப கழட்டல, போல்ட்டோட அப்படியே விட்டேன், அது உள்ள இருந்தா ஹவுசிங் கொஞ்சம் விறைப்பா நிக்கும்.

ஆயில முழுசா இறக்கி, பெயிண்ட், துரு எல்லாம் கிரைண்டர்ல பளபளன்னு ஆகற வரைக்கும் தேச்சேன். பேட்டரி ஒயர கழட்டியாச்சு, பிரேக் ஹோஸ் மேல ஈரத்துணி, பக்கத்துல ஒரு பக்கெட் தண்ணி. வெல்டிங் மெஷினோட எர்த் கிளாம்ப்ப மட்டும் எங்க மாட்டறோம்னு ரெண்டு தடவ யோசிங்க, சௌகரியமா இருக்குன்னு வீல் ஹப்ல மாட்டினா கரண்டு பேரிங் வழியா பாஞ்சு உருளைங்கள்ல குழி விழ வச்சிடும். ஹவுசிங்லயே வெல்டு பக்கத்துல ஒரு இடத்த தேச்சு அங்க மாட்டணும்.

எனக்கு அங்கங்க புள்ளி வச்சு பிடிக்கற டேக் அடிக்கத் தெரியும், அதுக்கு மேல நம்ம கை நம்பற மாதிரி இல்ல, அதனால வெல்டிங் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர கூப்பிட்டேன். நாலு மூலையிலயும் புள்ளி வச்சுட்டு, ஒரு இன்ச் இழுப்பாரு, அப்புறம் நேரெதிர் பக்கம் போய் ஒரு இன்ச், அப்புறம் உக்காந்துடுவாரு. "அண்ணே, ஒரேடியா இழுத்துட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்ல"ன்னேன். "முடியும்டா தம்பி, உன் ஆக்ஸிலும் சேர்ந்து முடிஞ்சிடும்"னாரு. கைய வச்சா சுடாம இருக்கணும், அப்பதான் அடுத்த இன்ச். தண்ணி ஊத்தி ஆத்தவும் விடல, வெல்டு பக்கம் விறைச்சு வெடிப்பு விட்டுடுமாம். சூட்ட முக்காவாசி 6 மில்லி பிளேட் மேல நிறுத்தி, உருகினத மெதுவா மெலிசு தகட்டுப் பக்கம் தள்ளி விட்டாரு, மாத்திப் பண்ணா தகடு பொத்துக்கும்.

அடிப்பக்கம் வந்தப்பதான் சிக்கல். வெல்டுல பொடிப்பொடியா ஓட்டை, புஸ் புஸ்னு புகை. துரு தேச்ச இடத்துல ஊசி முனை மாதிரி ஒரு ஓட்டை இருந்து உள்ள இருந்து ஆயில் கசிஞ்சிட்டு இருந்திருக்கு, துரு அடைச்சுட்டு இருந்ததால இத்தன நாள் தெரியல, என் கிரைண்டர்தான் தொறந்து விட்டிருக்கு. அந்த இடத்த வெட்டி எடுத்து, துடைச்சு, சின்னதா ஒரு ஒட்டு போட்டு, திரும்பவும் முதல்ல இருந்து. அந்த ஒரு சாண் நீளத்துக்கே முக்கா நாள்.

சுத்தி வர முழுசா மூடல. கார்டுக்கும் தகட்டுக்கும் நடுவுல வேணும்னே கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கோம், அடி விழுந்தா கார்டு ஒடுங்கட்டும், தகட்டத் தொட வேணாம். ஆனா அந்த இடத்த காத்துப் போகாம அடைச்சா கடைசி இன்ச் மூடும்போது உள்ள சூடான காத்து உருகின இரும்ப மூஞ்சி மேல துப்பும், அதான் கீழ ரெண்டு ஓட்டை. பின்னாடி தண்ணி, சேறு வடியறதுக்கும் அதே ஓட்டைதான், உள்ள மெழுகு ஸ்பிரேயும் அடிச்சு விட்டேன்.

இதெல்லாம் தகட்டு ஹவுசிங்குக்கு மட்டும். நடுப்பகுதி வார்ப்பு இரும்பா இருக்கற ஆக்ஸில்ல இந்த வேலைய கனவுல கூட பண்ணாதீங்க, சும்மா வெல்டு அடிச்சா ஆறும்போது ஓரத்துலயே கீறல் விடும், அதுக்கு போல்ட்டு போடற கவர்தான் சரி.

எல்லாம் ஆறினப்புறம் நூல் கட்டி அளந்தேன், அரை மில்லி வித்தியாசம். அண்ணன் முகத்துல ஒரு சிரிப்பு, எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு. எடை மூணு கிலோ கூட கூடல, ஓட்டும்போது ஒண்ணும் தெரியல.

ஒண்ணே ஒண்ணுதான் சொதப்பல். ஆயில் ஊத்தற பிளக் அந்த தகட்டுலயேதான் இருக்கு, அதுக்கு கார்டுல ஞாபகமா ஓட்டை போட்டேன், ராட்செட் நுழையுதான்னு கூட பாத்தேன். 80டபிள்யூ-90 கியர் ஆயில் பாட்டில எடுத்துட்டு வந்து ஊத்தலாம்னு பாத்தா டியூப் வளைஞ்சு உள்ள போக மாட்டேங்குது! சிரிஞ்சுல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி முடிக்கறதுக்குள்ள பாதி என் சட்டையில. அடுத்த ஆயில் மாத்தறதுக்குள்ள அந்த ஓட்டைய ஒரு பத்து மில்லி பெருசாக்கணும்.