ருடிஷா ஓடிய அந்த விடியற்காலை

2012 ஆகஸ்ட் 9, சிங்கப்பூரின் தேசிய தினம். மரினா பே வாணவேடிக்கை பார்த்துவிட்டு வந்து அப்பாவும் நானும் தூங்கவே இல்லை. ஒலிம்பிக் நடக்கும் லண்டனில் இரவு 8 என்றால் நமக்கு விடியற்காலை 3. எதிர் புளோக்கில் ஒரே ஒரு சன்னலில் வெளிச்சம், அங்கேயும் டிவிதான்.

800 மீட்டர் இறுதிச்சுற்று. வேகம் பிடித்துக் கொடுக்க ஆள் கிடையாது, தொடக்கத்திலிருந்தே கென்யாவின் டேவிட் ருடிஷாதான் முன்னால். முதல் 400 மீட்டர் 49.28 விநாடி! "இப்படி ஓடினா கடைசி நூறுல கால் நிக்காதுப்பா" என்று அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

நின்றது. 1:40.91, உலகச் சாதனை.

எட்டாவதாக வந்தவரின் 1:43.77கூட 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நேரத்தைவிட வேகம். அன்றிரவே போல்ட்டும் 200 மீட்டரில் வென்றார், எனக்கென்னவோ அந்த ஒலிம்பிக் என்றால் ருடிஷாதான்.

டீ போட எழுந்த அப்பா, மறுபடி காட்டியதும் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார்.