ஒரு பவுண்டு தானியம்: தாது வருஷப் பஞ்சத்தின் கஞ்சிக் கணக்கு

தமிழ் ஆண்டான தாதுவில் தொடங்கியதால் தாது வருஷப் பஞ்சம் எனப்படும் 1876-78 மதராஸ் மாகாணப் பஞ்சத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் செத்தவர்களின் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லட்சங்களில் எழுதப்படும் அந்த எண்கள் மலைக்க வைக்கும், ஆனால் எதையும் விளக்காது. உயிரோடு இருந்தவனுக்கு நாளைக்கு எத்தனை அவுன்ஸ் கொடுத்தார்கள், அந்த அளவை யார் முடிவு செய்தார்கள், வாங்கப் போனவன் எத்தனை மைல் நடக்க வேண்டியிருந்தது என்று கேட்டால்தான் அன்றைய இரக்கமும் கொடூரமும் எந்த இடத்தில் எப்படி வேலை செய்தன என்பது பிடிபடும்.

பின்னணி சுருக்கமாக. 1876இல் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. பெல்லாரி, கர்நூல், கடப்பை, வட ஆற்காடு, சேலம், கோயம்புத்தூர் என்று வானம் பார்த்த சீமைகள் முதலில் விழுந்தன. தானியமே இல்லை என்று சொல்ல முடியாது. மதராஸ் கடற்கரையில் வெளியிலிருந்து வந்த மூட்டைகள் குவிந்து கிடந்தன, ரயிலும் ஓடியது. ஆனால் ரயில், விலை எங்கே அதிகமோ அங்கேதான் தானியத்தைக் கொண்டுபோகும். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் இழுக்க மாடு வேண்டும். தீவனமில்லாமல் மாடுகள்தான் முதலில் செத்தன. விலை ஏறிக்கொண்டே போனது, நிலமில்லாதவனுக்குக் கூலி வேலையே இல்லாமல் போனது. வட இந்தியக் கோதுமை அதே காலத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. 1877 ஜனவரி 1ஆம் தேதி விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினியாக அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்தினார்.

அந்த ஜனவரியில்தான் சர் ரிச்சர்ட் டெம்பிளை லிட்டன் தெற்கே அனுப்பினார். இந்த ஆளின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது நிவாரணத்தை நடத்தியவர் இவரே. பர்மாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் டன் அரிசியை இறக்கினார். சாவு என்று சொல்லத்தக்க அளவில் எதுவும் நடக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் அது அபூர்வமான வெற்றி. அதற்குக் கிடைத்த பரிசு, இப்படியா பணத்தை வாரி இறைப்பது என்ற வசவு. மூன்று வருஷம் கழித்து மதராஸுக்கு வந்தவருக்குச் சிக்கனம் என்பதே கட்டளை. சாவைத் தடுப்பது எப்படி என்று தெரியாதவர் செய்த தவறாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. தெரிந்தவர், செய்துகாட்டியவர், அதற்காகவே திட்டு வாங்கியவர், அடுத்த முறை மேலிடத்துக்குப் பிடித்த மாதிரி நடந்துகொண்டார்.

அவர் வைத்த அளவுதான் ‘டெம்பிள் கூலி’. அரசு நடத்திய நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு 1 பவுண்டு தானியம், அதாவது 454 கிராம். கூடவே கொஞ்சம் சில்லறைக் காசு. பெண்ணுக்கும் வேலை செய்யும் குழந்தைக்கும் அதைவிடக் குறைவு. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. ஆக 454 கிராமில் ஏறத்தாழ 1,600. வெயிலில் மண் வெட்டிச் சுமப்பவனுக்கு 3,000 கலோரியாவது வேண்டும். மீதி 1,400ஐ உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் ஈடுகட்டும். ஐந்தாறு நாளைக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் ஆள் இளைப்பான். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக வந்தவனிடம் கரைக்க எத்தனை கிலோ இருக்கும்? புரதம் 30 கிராம்தான் தேறும். இதெல்லாம் தாளில் போட்ட கணக்கு. கல், உமி, எடையில் அடிக்கும் கை, வேலைக்கு வர முடியாத கிழவிக்கும் கைக்குழந்தைக்கும் போகும் பங்கு எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். கையில் வந்த சில்லறை உப்புக்கும் விறகுக்குமே போய்விடும்.

இதோடு தூரச் சோதனை வேறு. உழைக்கத் தெம்புள்ளவன் தன் ஊரிலிருந்து 10 மைலுக்குள் இருக்கும் வேலையில் சேரக் கூடாது. உண்மையிலேயே பட்டினி கிடப்பவன் எவ்வளவு தூரமானாலும் வருவான், சோம்பேறி வரமாட்டான் என்பது இதன் பின்னால் இருந்த வாதம். நடந்தது தலைகீழ். உடம்பில் இன்னும் வலு மிச்சமிருந்தவன் போய்ச் சேர்ந்தான். அதிகம் தேவைப்பட்டவன் வழியில் உட்கார்ந்தான். வடிகட்டிய விதம் சரியாக வேலை செய்தது, தப்பான ஆளை வெளியே நிறுத்தியது.

எதிர்த்துப் பேசியவர் மதராஸின் சானிட்டரி கமிஷனர், அதாவது பொதுச் சுகாதார அதிகாரி, டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே அரசாங்கத்தின் அளவைத் தப்பு என்று எழுதியவர். அவர் எடுத்துக்கொண்ட ஆயுதம் சிறைச்சாலை உணவுப் பட்டியல். ஜெயிலில் கடின வேலை செய்யும் கைதிக்கே இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்போது, குற்றம் எதுவும் செய்யாதவன் இதில் எப்படிப் பிழைப்பான் என்று கேட்டார். குறைந்தது ஒன்றரை பவுண்டு (680 கிராம்) தானியம், அதற்கு மேல் பருப்பும் காய்கறியும் என்பது அவர் கோரிக்கை. மதராஸ் அரசு 1877இலேயே பாதி வழி இறங்கி வந்தது: 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்பு. கலோரிக் கணக்கில் இது 2,100ஐ ஒட்டி வரும். போதாது, ஆனால் அந்த 43 கிராம் பருப்பைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். வெறும் தானியத்தில் கிடந்த உடம்புக்குப் புரதம் கால் பங்குக்கும் மேல் கூடியது அதனால்தான். அன்றைய ஆவணங்களில் அவுன்ஸுக்காக நடந்த இந்தச் சண்டையைச் சலிப்போடு தாண்டிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் அந்தப் பஞ்சத்தின் மையம்.

பசித்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றிய கஞ்சித் தொட்டிக்கு வருவோம். பட்டினியில் கிடந்தவனுக்கு இரக்கப்பட்டு இலை போட்டுச் சோறு படைத்தால் அவன் சாகலாம். நீண்ட பட்டினியில் குடல் சுவர் மெலிந்து போகும். செரிக்கும் திறன் குறையும். உடம்பில் பாஸ்பரஸ், பொட்டாசியம் கையிருப்பு வற்றிப்போகும். திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனதும் ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் செல்கள் இழுத்துக்கொள்ள, இதயம் தடுமாறி நிற்கும். இந்தக் காரணம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் தெளிவானது. 1877இல் மருத்துவர்கள் பார்த்தது அதன் விளைவை மட்டும்: முகாமுக்கு வந்து, சாப்பாடும் கிடைத்து, அப்புறமும் பேதியில் போகிறவர்கள். அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற மருத்துவர் அந்தப் பஞ்சத்தின் நோய்களைப் பற்றி ஒரு தனி நூலே 1889இல் வெளியிட்டார்.

ஆகவே முதல் சில நாள் நீர்த்த கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. காலில் வீக்கம் இருப்பவனுக்கு உப்பை அள்ளிப் போடக் கூடாது. அப்புறம் கெட்டியாக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் பருப்போடு குழைந்த சோறு வரை வந்துவிட வேண்டும்.

இந்தக் கெட்டியாக்கும் படியில்தான் தொட்டிகள் தோற்கும். 1 கிலோ நொய்க்கு 10 லிட்டர் தண்ணீர் வைத்துக் காய்ச்சினால் அரை லிட்டர் கஞ்சியில் 50 கிராம் அரிசி, 175 கலோரி. நாளைக்கு இரண்டு வேளை ஊற்றினால் 350. படுத்தே கிடப்பவன் உயிரோடிருக்கவே 1,200க்கு மேல் வேண்டும். வரிசை நீள நீள அண்டாவில் தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லாத் தொட்டியிலும் நடக்கும். யாரையும் திருப்பி அனுப்ப மனமில்லாமல் செய்வது அது. ஆயிரம் பேருக்கும் கொடுத்து ஆயிரம் பேரையும் மெதுவாகச் சாக விடுவதில் முடியும். குழந்தைகளுக்கு இன்னும் மோசம். 10 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு தடவைக்குக் கால் லிட்டருக்கு மேல் குடிக்காது. நீர்த்த கஞ்சியில் வயிறு நிறைந்துவிடும், உள்ளே போனது 90 கலோரிதான்.

ஆயிரம் பேருக்கு ஆளுக்கு 400 கிராம் என்றால் தினம் 400 கிலோ அரிசி, நாலு பெரிய மூட்டை. திறந்த அடுப்பில் அரிசியின் எடையைவிட விறகின் எடை கூடுதலாகும். பல ஆயிரம் லிட்டர் தண்ணீர், அதுவும் கிணறு வற்றிய வருஷத்தில். அண்டாவில் பருக்கை அடியில் தங்கும், மேலே வெறும் நீர் நிற்கும். ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து கலக்கி அள்ளாவிட்டால் ஒருவனுக்குச் சோறு, இன்னொருவனுக்குக் கழுநீர். அகப்பை பிடிக்கிறவன் தனக்கு வேண்டியவனைக் காப்பாற்றுவதும் வேண்டாதவனைக் கொல்வதும் இந்தக் கையசைவில்தான். வரிசைக்கு வர முடிந்தவனுக்கு மட்டும் என்று வைத்தால் படுத்துக்கிடப்பவன் கணக்கிலேயே வரமாட்டான். கொதித்த கஞ்சியில் காலரா இல்லை. பாத்திரம் கழுவிய குட்டையிலும் முகாமை ஒட்டிய ஓடையிலும் இருந்தது. 1877இல் மதராஸ் மாகாணத்தில் காலரா லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. ‘முகாமுக்குப் போனால் சாவு’ என்று மக்கள் பயந்ததில் தப்பில்லை. பயந்து கடைசி நாள்வரை வராமலிருந்தார்கள், வந்ததும் செத்தார்கள், பயம் இன்னும் பரவியது.

சாதியும் உண்டு. சமைத்த உணவு என்றாலே யார் சமைத்தார், யாரோடு உட்கார்ந்து வாங்குவது என்ற கேள்வி வரும். வாங்குவதற்குக் கூசி வீட்டுக்குள்ளேயே கிடந்தவர்கள் ஒரு பக்கம். தள்ளி உட்கார வைக்கப்பட்டவர்கள் இன்னொரு பக்கம், இவர்கள் தொகைதான் மிகப் பெரியது. கூலியைத் தவிர வேறு எதுவும் இல்லாதவர்கள் இவர்களே. கஞ்சிக்குப் பதில் ஊரிலேயே காசாகக் கொடுக்கலாம் என்றால் பட்டியல் எழுதுவது ஊர்க் கணக்கரான கர்ணமும் ஊர்த் தலைவரான மணியக்காரரும். பட்டியலில் யார் பெயர் ஏறும், யார் பெயர் ஏறாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

தனியார் தர்மத்தில் தமிழ்நாட்டுக்குப் பழைய அனுபவம் உண்டு. ஹைதர் அலி படையெடுப்பால் வந்த பஞ்சத்தில் 1782இல் சென்னையில் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான் பிற்பாடு ஆஸ்பத்திரியாகி, ஸ்டான்லி மருத்துவமனையாகியது. வடசென்னையில் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொன்னார்கள். வள்ளலார் வடலூரில் தர்மசாலையை 1867 மே மாதம் தொடங்கினார். தாது வருஷம் வந்தபோது அந்த அடுப்புக்கு ஒன்பது வயது. மாயூரத்தில் முன்சீபாக இருந்து ஓய்வுபெற்ற வேதநாயகம் பிள்ளை தன் சொத்தைப் பஞ்சத்தில் கரைத்தார் என்பதும் கோபாலகிருஷ்ண பாரதியார் அதற்காக அவரைப் புகழ்ந்து பாடினார் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படுவது. மதுரையில் குஞ்சரம் என்ற தாசி நகைகளை விற்றுக் கஞ்சி ஊற்றிய கதை வழங்குகிறது. வடலூர் ஏற்பாட்டில் நான் மதிப்பது ஒன்றுதான்: பஞ்சம் வந்த பிறகு அடுப்பு மூட்டவில்லை. அண்டாவும் விறகுக்காரனும் சமையல் ஆளும் தானியம் அனுப்புகிறவர்களும் முன்பே இருந்தார்கள். அவசரத்தில் தொடங்கிய தொட்டி முதல் சில வாரங்களை ஆள் சேர்ப்பதிலேயே இழக்கும்.

பஞ்சத்தின் படங்களாக இன்று எல்லோரும் பகிர்வது வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்தவை. எலும்புக்கூடுகளைப் போல் இருந்தவர்களை வரிசையாக உட்கார வைத்து எடுத்தார். படம் எடுத்தவர் சோறு போட்டாரா என்று அப்போதே லண்டனில் கேலி செய்தார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் படங்கள் இல்லையென்றால் ஒரு பவுண்டு போதும் என்ற வாதத்தை மறுக்க நம்மிடம் எழுத்து மட்டும்தான் இருந்திருக்கும்.

நிவாரண வேலைகளில் மிஞ்சியவற்றில் ஒன்று சென்னைக்குள்ளேயே இருக்கிறது: அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய். 1877-78இல் பஞ்சக் கூலிகள் வெட்டியது. இந்தத் துண்டும் சேர்ந்த நீண்ட கடலோரக் கால்வாய் முழுவதற்கும் அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது.

1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை, 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு என்று விதிமுறைகள் வந்தன. எந்த அறிகுறி தெரிந்தால் எதைத் தொடங்க வேண்டும், எவ்வளவு உணவு கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அதற்கும் ஓர் ஓட்டை இருந்தது: பஞ்சம் என்று அறிவித்தால்தான் விதி ஓடும். 1943இல் வங்காளத்தில் அறிவிக்கவே இல்லை. ஜப்பானியர் வந்தால் கிடைக்கக் கூடாதென்று 1942இலேயே ஆற்றுப் படகுகளை ஆயிரக்கணக்கில் பறித்திருந்தார்கள். விதிப்படி கொடுக்க வேண்டிய அளவுக்குக் கையில் தானியம் இல்லை என்பதே அறிவிக்காததற்குச் சொல்லப்பட்ட காரணம்.

சொந்த ஊரில் தாது வருஷம் என்ன செய்தது என்று பார்க்க விரும்புகிறவர்கள் 1871, 1881 மக்கள்தொகைக் கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாகாணம் முழுக்கப் பார்த்தால் 3.12 கோடி 3.08 கோடியானது, பெரிய விஷயமாகத் தெரியாது, ஏனென்றால் காவிரி, கோதாவரி, கிருஷ்ணா பாசனப் பகுதிகள் தப்பித்துச் சராசரியைத் தூக்கிவிடும். மாவட்டமாகப் பாருங்கள். சேலம் 19.67 லட்சத்திலிருந்து சுமார் 16 லட்சத்துக்கு இறங்கியிருக்கும். குறைந்தவர்கள் எல்லோரையும் செத்தவர்கள் என்று எழுதிவிட வேண்டாம். இலங்கைத் தோட்டங்களுக்கும் மற்ற சீமைகளுக்கும் போனவர்கள் அதில் உண்டு. பஞ்சத்தில் பிறக்காமலே போன குழந்தைகளும் உண்டு. முடிந்தால் தாலுகா வரைக்கும் இறங்கிப் பாருங்கள், ஏரிப் பாசனம் இருந்த ஊருக்கும் மானாவாரி ஊருக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரியும்.