நீங்களாக இருந்தால் போவீர்களா?

ஹவாயில் நான் வேலை பார்க்கும் ஓடப் பட்டறைக்கு ஒரு பெண் தன் ஓடத்தைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்திருந்தார். அதைத் திருப்பும் சுக்கான் தாங்குமா என்று அவர் கேட்டிருந்தால், என்னிடம் ஒரு பதில் இருந்தது. தண்டை நேராக்கிய இடம் தாங்கும், தகட்டுக்குள் மறைந்திருக்கும் பகுதியைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்று சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்தப் புதன்கிழமை மாலை, பட்டறை மேசைமேல் கிடந்த சுக்கானைப் பார்த்தபடி அவர் கேட்டது வேறு: "நீங்களாக இருந்தால் இதை மாட்டிக்கொண்டு போவீர்களா?" நான், "எனக்குத் துடுப்பு வலிக்கவே தெரியாதே, ஆன்ட்டி" என்றேன். அவர் சிரித்தார், முதலாளியும் சிரித்தார், பேச்சு கூலிக்குப் போய்விட்டது. ஹவாயில் மூத்தவர்களை அங்கிள், ஆன்ட்டி என்றுதான் அழைப்பார்கள். நம் ஊர் வழக்கம் போலவே இருப்பதால் அந்தச் சொற்கள் எனக்கு வந்த நாளிலேயே ஒட்டிக்கொண்டன. வாடிக்கையாளராக மட்டும் பார்த்திருந்தால் இன்னும் கறாராகப் பதில் சொல்லியிருப்பேனோ என்று சில வேளைகளில் தோன்றுகிறது.

அவருடையது ஒற்றையாள் அவுட்ரிகர் ஓடம், அதாவது பக்கவாட்டில் மிதவை கட்டிய ஓடம். பயிற்சி முடித்துக் கரைக்குத் திரும்பும்போது பவளப்பாறை விளிம்பில் சுக்கான் இடித்திருந்தது. தகட்டின் நுனி தேய்ந்து, அதைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகுத் தண்டு லேசாக வளைந்து, தண்டு நுழையும் குழாயைச் சுற்றி ஓடத்தின் அடிப்பகுதியில் விரிசல் விட்டிருந்தது. வியாழன் காலையில் ஓடங்கள் மொலோகாய் தீவுக்கு ஏற்றப்பட இருந்தன. ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து ஓவாஹு தீவு வரை, கைவி நீரிணையைக் கடக்கும் 51 கிலோமீட்டர் போட்டி.

விரிசலை நான் ஒட்டிய விதத்தில் எந்தக் குறையும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் உடைந்த ஃபைபர் படகுகள் வரிசை வரிசையாகக் கிடந்தபோது, கண்ணாடியிழை விரிப்பையும் ரெசின் பசையையும் வைத்து ஒட்டக் கற்றுக்கொண்ட கை இது. சேதமான பகுதியைச் சரிவாகத் தேய்த்து எடுத்து, ஈரம் போக உலர்த்தி, குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, கார்பன் துணியை ஒன்றைவிட ஒன்று அகலமாக மூன்று அடுக்கு போட்டு, எப்பாக்சிப் பசை ஒரே இரவில் இறுக வேண்டும் என்பதற்காக அந்த இடத்தை மட்டும் மூடி, விடியும்வரை வெப்பம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒட்டு இன்றுவரை அசையவில்லை. இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், அன்றிரவு என் கவனமெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலைமீதே இருந்தது என்பதுதான்.

தண்டுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பித்தளைத் துண்டுகளுக்கு இடையே வைத்து வைஸ் என்னும் பிடிப்பானில் இறுக்கி நேராக்கினேன். கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்தபோது அடியில் வெளிச்சம் தெரியவில்லை. சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தும் பார்த்தேன். மயிரிழை விரிசலாவது இருந்திருந்தால் சிவப்பாகக் கசிந்து காட்டியிருக்கும். ஆனால் தண்டின் கீழ்ப்பாதி தகட்டுக்குள் புதைந்திருக்கிறது. அங்கே சாயம் போகாது, கண்ணும் போகாது. இந்த எஃகு காற்றுப் படும் இடத்தில்தான் துருவை எதிர்க்கும். தகட்டின் வாயில் ஒரு சிறு இடுக்கு விட்டு உப்புநீர் உள்ளே போய்த் தேங்கிவிட்டால், பிராணவாயு இல்லாத அந்த இடுக்கில் வெளியே தெரியாமல் அரித்துக்கொண்டே போகும். தகட்டின் வாயில் தேநீர்க் கறை போல ஒரு பழுப்பு வளையம் இருந்தது. அதை நான் பார்த்தேன்.

தகட்டை வெட்டிப் பார்த்தால் திரும்பக் கட்ட நேரமில்லை. பட்டறையில் இருந்த மாற்றுச் சுக்கானின் தண்டு இரண்டரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). இவருடைய குழாயோ இரண்டு நூல். பார்த்த கறையை வாய்விட்டுச் சொல்வது ஒன்றுதான் பாக்கி. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார், நான் அதை வேடிக்கையாக்கினேன். பொய் சொல்லவில்லை. எனக்கு உண்மையாகவே துடுப்பு வலிக்கத் தெரியாது. உண்மையைச் சொல்லியே ஒருவரைத் தவறான முடிவுக்கு அனுப்ப முடியும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால், அதுவும் முழு உண்மை ஆகாது.

போட்டியில் மூன்றில் இரண்டு பங்கு தூரம் கடந்த பிறகு தகடு கழன்று கடலுக்குள் போய்விட்டது. துணைப்படகு பக்கத்திலேயே இருந்ததால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அங்கே வடகிழக்குக் காற்றில் அலை பின்னாலிருந்து வலப்புறம் சாய்ந்து வரும். சுக்கான் இல்லாத ஓடம் ஒவ்வோர் அலைக்கும் காற்றை நோக்கி மூக்கைத் திருப்பும். சுக்கானைத் திருப்பும் மிதி கட்டைகள் காலடியில் வெறுமனே ஆட, வலப்பக்கமே துடுப்பை அகல வீசித் திருத்தித் திருத்தி வந்திருக்கிறார். படகில் ஏறிவிடச் சொன்னார்களாம், மறுத்துவிட்டார். அவர் கரையேறியபோது பரிசளிப்பு முடிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒடிந்த தண்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "டஹிட்டிக்காரர்கள் சுக்கானே இல்லாமல்தானே வலிக்கிறார்கள்" என்றார். அது உண்மைதான். டஹிட்டித் தீவின் ஒற்றையாள் ஓடத்தில் சுக்கான் கிடையாது; துடுப்பாலேயே திசை பிடிப்பார்கள். 1976-இல் மைக்ரோனீசிய மாலுமி மாவ் பியாயிலுக் வழிகாட்ட ஹோகுலேயா என்ற இரட்டை ஓடம் ஹவாயிலிருந்து டஹிட்டி வரை போனதும் பெரிய திசைத் துடுப்பை நம்பித்தான். மிதி கட்டையால் திருப்பும் சுக்கான் நேற்று வந்த வசதி, அது போனதால் எதுவும் முடிந்துவிடவில்லை என்று பல இரவுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் பழகியது சுக்கானோடுதான். சுக்கான் இல்லாமல் வலிக்கப் பிறந்ததிலிருந்து பழகியவருக்குக் கிடைக்கும் ஆறுதலை நான் எப்படி எனக்கு எடுத்துக்கொள்ள முடியும்?

தண்டு நான் நேராக்கிய இடத்தில் ஒடியவில்லை. அதற்கு ஒரு விரல் கீழே, தகட்டுக்குள் ஒடிந்திருந்தது. முறிவின் பாதி பழைய கறுப்பாகவும், மீதி புதிதாக, வெளிறிய சாம்பல் நிறத்திலும் இருந்தது. பாறையில் இடிப்பதற்கு முன்பே அது அரித்துக்கொண்டிருந்தது என்பதற்கு அந்தக் கறுப்பே சாட்சி. முதலாளியும், "உன் கை பட்ட இடம் இல்லை" என்றார். வைஸில் நான் கொடுத்த அழுத்தம் ஒரு விரல் தூரத்தில் நின்றிருக்குமா என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

பதில் சொன்ன விதத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. அதே வகை ஓடம் வைத்திருப்பவர்கள் தீவில் பலர். ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு இரண்டு நூல் சுக்கான் ஒன்றை இரவல் கேட்டிருக்கலாம். அந்த யோசனை எனக்கு வியாழன் மதியம், ஓடம் போன பிறகுதான் வந்தது. அப்போதும் நேரம் இருந்தது. அவர் சனிக்கிழமைதான் விமானத்தில் போனார், சுக்கான் கைப்பைக்குள் அடங்கும். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால், ஏன் என்று அவரிடம் விளக்க வேண்டியிருக்கும்.

வளைந்த தண்டை இனி நேராக்கித் தருவதில்லை என்று அந்த வாரமே முடிவுசெய்தேன். மூன்று மாதம் கழித்து ஓர் இளைஞன் கெஞ்சியபோது நேராக்கிக் கொடுத்தேன். கறையைப் பற்றியும் சொன்னேன், அவன் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அந்தச் சுக்கான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

புதுத் தண்டோடு சுக்கான் தயாரானதும் ஆன்ட்டி வந்தார். தண்டுக்கும் வேலைக்கும் பணம் வேண்டாம் என்றேன். கேட்காமல் எண்ணி வைத்தார். அந்தக் கேள்வியை இந்த முறை கேட்கவில்லை. ஓடத்தைக் கவிழ்த்து, தகட்டை இரு கைகளாலும் பிடித்து, முன்னெப்போதும் செய்யாதபடி, முழு பலத்தையும் கொடுத்து இடமும் வலமுமாக ஆட்டிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.