அமுக்குவான் பிடித்தால்: முடக்கத்திலிருந்து எழுவதும், அப்படியே கனவுக்குள் போவதும்

விழிப்பு வந்துவிட்டது. மின்விசிறி சுற்றுவது தெரிகிறது, அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்கிறது. ஆனால் கை நகரவில்லை, வாய் திறக்கவில்லை, நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி கனம். நம் ஊரில் இதை அமுக்குவான், அமுக்குப் பேய் என்பார்கள். ஜப்பானில் கனஷிபாரி. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ராத்திரி வந்து நெஞ்சில் உட்காரும் கிழவி. மருத்துவர்கள் ஸ்லீப் பராலிசிஸ், அதாவது தூக்க முடக்கம் என்கிறார்கள். ஊருக்கு ஒரு பெயர் இருந்தாலும் அந்தக் கனம் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வருகிறது.

இரண்டு வகை ஆட்களுக்கு இது பயன்படும். அடிக்கடி அமுக்குவான் வந்து தூங்கவே பயப்படுகிறவர்கள் ஒரு வகை. கனவு என்று தெரிந்தே காணும் கனவுக்கு, அதாவது லூசிட் கனவுக்கு, முயற்சி செய்து நடுவழியில் இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. இருவரும் நிற்பது ஒரே வாசலில். உடம்பு தூங்குகிறது, புத்தி விழித்திருக்கிறது. பயத்தோடு நின்றால் அமுக்குவான், பதறாமல் நின்றால் அந்தப் பக்கம் கனவு.

கனவு அதிகம் வரும் தூக்கத்துக்கு ரெம் என்று பெயர். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அதை அடையாளம் காட்டினார்கள். ரெம் தொடங்கியதும் மூளைத்தண்டிலிருந்து ஓர் உத்தரவு இறங்குகிறது. தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை கிளைசின், காபா என்ற இரண்டு வேதிப்பொருள்கள் அடக்கிவைக்கின்றன. கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து குதிக்காமல் இருப்பது இதனால்தான். இந்தப் பூட்டு பழுதானவர்கள் தூக்கத்தில் உதைப்பார்கள், குத்துவார்கள். அது தனி நோய். நமக்கு நடப்பது வேறு. பூட்டு சரியாக வேலை செய்கிறது, திறக்க வேண்டிய நேரத்தில் கொஞ்சம் பிந்துகிறது, அதற்குள் நாம் விழித்துவிடுகிறோம். பெரும்பாலும் சில விநாடி, சிலருக்குச் சில நிமிடம். தானாகவே விடும்.

பூட்டுக்கு இரண்டு விதிவிலக்கு உண்டு: கண் தசைகள், உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசை). இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் உங்கள் கையில் இருப்பது இந்த இரண்டும்தான்.

முதலில் உதரவிதானம், ஏனென்றால் நெஞ்சுக் கனத்தின் ரகசியம் அங்கேதான். சாதாரணமாக ஆழமாக மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் கழுத்துத் தசைகளும் சேர்ந்து நெஞ்சுக்கூட்டை விரிக்கின்றன. ரெம்மில் அவை தளர்ந்து கிடக்கும். உதரவிதானம் மட்டும் தன் போக்கில் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். தூங்குகிற உடம்புக்கு அது போதும். நீங்களோ பயந்துபோய் நெஞ்சை விரித்து ஒரு பெரிய மூச்சு இழுக்கப் பார்க்கிறீர்கள். உத்தரவு போகிறது, நெஞ்சு எழவில்லை. எழாத நெஞ்சுக்கு மூளை கண்டுபிடிக்கும் விளக்கம், மேலே ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்பது. எவ்வளவு பலமாக இழுக்கிறீர்களோ அவ்வளவு கனமாக அது உட்காரும். பெரிய மூச்சுக்கு ஆசைப்படுவதை விட்டுவிட்டு, வயிறு தானாக உப்பி இறங்குவதைச் சும்மா கவனித்தால் நாலைந்து மூச்சில் கனம் குறைவது தெரியும். மூச்சு நிற்கவே இல்லை, நின்றதாகத் தோன்றியது, அவ்வளவுதான்.

அறையில் ஆள் நிற்பது மாதிரி தெரிவதும் இதே கதை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஆலன் செய்ன் இந்த அனுபவங்களை மூன்றாகப் பிரித்தார்: யாரோ உள்ளே வந்துவிட்ட உணர்வு, நெஞ்சை அமுக்குவது, மிதப்பது அல்லது சுழல்வது. முதல் இரண்டும் பயத்தோடு கைகோத்து வரும். ரெம்மில் பயத்தைக் கையாளும் மூளைப்பகுதி ஏற்கெனவே சூடாக இருக்கிறது, அதற்கு ஒரு மூலையில் நிழல் கிடைத்தால் போதும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது இந்த இடத்தில் பழமொழியே இல்லை, உடற்கூறு. மூன்றாவது வகை, மிதப்பது, அதுதான் லூசிட் கனவுக்கான கதவு. டெனிஸ், பொயேரியோ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்விலும் லூசிட் கனவு காண்கிறவர்களிடம் இந்த மிதக்கும் வகைதான் அதிகம் தொடர்புபட்டிருந்தது.

இனி, முடக்கம் வந்த அந்த நிமிடம்.

முதல் மூச்சில் பெயர் சொல்லுங்கள்: "இது தூக்க முடக்கம், விட்டுவிடும்." இரண்டாவது மூச்சில் கை, கால், கழுத்து எல்லாவற்றோடும் சண்டையை நிறுத்துங்கள். மூன்றாவது மூச்சுக்குள் முடிவு எடுங்கள்: எழுந்திருப்பதா, கனவுக்குள் போவதா. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்ப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு. அரை மனதாக விரலை அசைத்துப் பார்ப்பார்கள், அரை மனதாக மிதக்கப் பார்ப்பார்கள், இரண்டும் நடக்காது, பயம் மட்டும் ஏறும்.

எழுந்திருப்பது என்றால், பெரிய தசைகளை விட்டுவிடுங்கள். கண்ணை வலமும் இடமும் வேகமாக ஓட்டுங்கள், அது பூட்டப்படவில்லை. கூடவே கால் கட்டைவிரல் அல்லது சுண்டுவிரல், ஏதாவது ஒன்றே ஒன்று. நாக்கை மேலண்ணத்தில் அழுத்துவதும், மூச்சை வெளியே விடும்போது முக்குவதும் சிலருக்கு வேலை செய்யும். கத்த முயலாதீர்கள். குரல் வராதது பயத்தை இரட்டிப்பாக்கும். விடுபட்டதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: எழுந்து உட்காருங்கள், விளக்கைப் போடுங்கள், முகம் கழுவி ஐந்து நிமிடம் கழித்து ஒருக்களித்துப் படுங்கள். "விட்டுவிட்டதே" என்று அதே இடத்தில் மல்லாந்தபடி கண்ணை மூடினால் நேராக ரெம்முக்குள்ளேயே திரும்ப விழுவீர்கள். ஒரே இரவில் மூன்று தடவை வந்தது என்பவர்கள் பெரும்பாலும் இதைச் செய்யாதவர்கள்.

கனவுக்குள் போவது என்றால், கண்ணை மூடுங்கள். திறந்த கண்ணில் நிஜ அறையும் கனவும் கலந்து தெரியும், அந்தக் கலவையில்தான் உருவங்கள் பிறக்கின்றன. அடுத்து, அசைவை நினைக்க வேண்டும், அசையக் கூடாது. பழகும்வரை வழுக்கும் இடம் இதுதான். எளிய வழி ஊஞ்சல். காலால் தரையை உந்துவது, சங்கிலி கிறீச்சிடுவது, உச்சியில் ஒரு கணம் நின்று பின்னால் வரும்போது வயிற்றில் குபீரென்று ஒரு வெற்றிடம். ஊஞ்சலில் ஆடும் உங்களைப் பார்க்காதீர்கள், அந்த வயிற்றை மட்டும் உணருங்கள். படம் வேண்டாம், உணர்வு வேண்டும். நாலைந்து ஆட்டத்தில் காதில் ஒரு ரீங்காரம் ஏறும், தேனீக்கூட்டமோ மின்மாற்றியோ போல. உடம்பு முழுக்க நடுங்குவதாகவும் படும். பலர் இங்கேதான் வெலவெலத்துப் பின்வாங்குகிறார்கள். அது உச்சிக்குப் போய்த் தானே அடங்கும். அடங்கும்போது பக்கவாட்டில் உருளுவதாகவோ மெத்தை வழியே கீழே இறங்குவதாகவோ நினைத்தால், நினைத்தபடியே உருண்டுவிடுவீர்கள். உருண்டது கனவு உடம்பு.

கால் தரையில் பட்டதும் சோதனை: மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்து மூச்சிழுங்கள். காற்று வந்தால் கனவு. கட்டிலில் கிடக்கும் நிஜ மூக்கை யாரும் பிடிக்கவில்லையே. இந்தச் சோதனையை விடவே கூடாது, ஏனென்றால் இந்த இடத்தில் பொய் விழிப்பு மிகச் சாதாரணம். எழுந்து, பல் துலக்கி, காபி குடித்து, வேலைக்குக் கிளம்புவது வரை கனவிலேயே நடந்துவிடும். சோதனை முடிந்ததும் உள்ளங்கைகளைத் தேயுங்கள், சுவரைத் தடவுங்கள். தொடு உணர்வு கனவைக் கட்டிப் பிடித்து வைக்கும். முதல் சில தடவை பறப்பதற்கெல்லாம் ஆசைப்பட வேண்டாம், அறையைச் சுற்றி நடந்தால் போதும். "ஆகா, நடந்துவிட்டது" என்ற குதூகலம்தான் முதல் கனவுகளைக் கலைக்கும் முக்கியக் காரணம்.

நடுவில் அந்த உருவம் வந்து நின்றால்? பேசாதீர்கள், உற்றுப் பார்க்காதீர்கள், விரட்டாதீர்கள். கவனம் கொடுக்கக் கொடுக்க அதற்கு முகம் முளைக்கும். கவனத்தை வயிற்று மூச்சுக்கோ பிடித்த ஒரு முகத்துக்கோ மாற்றுங்கள். தூக்க முடக்கத்தை ஆராயும் பாலண்ட் ஜலால் 2016-இல் முன்வைத்த நான்கு படி முறையும் ஏறக்குறைய இதுதான்: நடப்பது ஆபத்தில்லை என்று அர்த்தம் மாற்றுவது, பயத்திலிருந்து தள்ளி நிற்பது, உள்ளே ஓர் இனிய விஷயத்தில் கவனத்தைக் குவிப்பது, தசைகளைத் தளர்த்தி அசையாமல் இருப்பது. நார்கோலெப்சி, அதாவது பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நோய், உள்ளவர்கள் பத்துப் பேரை வைத்து அதைச் சோதித்து (முறையைச் செய்தவர்கள் ஆறு பேர், மற்றவர்கள் ஒப்பீட்டுக்கு) 2020-இல் நல்ல பலன் கிடைத்ததாக வெளியிட்டார்கள். ஆய்வு சிறியதுதான், ஆனால் செலவும் இல்லை, பக்கவிளைவும் இல்லை.

கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. லூசிட் கனவு நிஜம் என்று ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டதே அந்தப் பூட்டப்படாத தசையால்தான். 1975-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கீத் ஹெர்ன், ஆலன் வொர்ஸ்லி என்பவரைத் தூங்கவைத்தார். கனவு என்று தெரிந்ததும் கண்ணை முன்பே பேசிவைத்தபடி இடவலமாக ஓட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. கருவியில் அந்தக் கோடுகள் விழுந்தன. பிறகு ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியாக இதையே செய்துகாட்டினார்.

லூசிட் கனவுக்காக வேண்டுமென்றே முடக்கத்தை வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது வீண் வேலை. முடக்கத்தை வரவழைக்கும் வழி தூக்கத்தை உடைப்பது. ஜப்பானில் 1992-இல் டாக்கேயுச்சி குழுவினர் ஆய்வகத்தில் தூக்கத்தை இடையில் நிறுத்தி, மறுபடி தூங்கவைத்து இதைச் செய்துகாட்டினார்கள். நைட் ஷிப்ட்காரர்களும் பரீட்சைக்காலப் பிள்ளைகளும் தினமும் தங்களுக்கே செய்துகொள்வதும் அதைத்தான். 2011-இல் ஷார்ப்லெஸ், பார்பர் தொகுத்த கணக்குப்படி, வாழ்நாளில் ஒரு தடவையாவது முடக்கம் கண்டவர்கள் பொதுமக்களில் 7.6 சதவீதம், மாணவர்களில் 28.3 சதவீதம். வித்தியாசத்துக்குப் பெரிய மர்மம் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

நேர்வழி இது. 10:30-க்குப் படுத்தால் 3:30-க்கு அலாரம். ரெம் பின்னிரவில்தான் நீளும் என்பதால் ஐந்து மணி நேரத் தூக்கம் முதலில் வேண்டும். எழுந்து பத்து, பதினைந்து நிமிடம் உட்காருங்கள். போன் வேண்டாம், கண்ட கனவை நோட்டில் எழுதுங்கள். மறுபடி படுத்து, "அடுத்த கனவில் இது கனவு என்று எனக்கு ஞாபகம் வரும்" என்று அர்த்தத்தோடு சொல்லிக்கொண்டே, சற்று முன் கண்ட கனவுக்குள் நுழைந்து அங்கே அதை உணர்வதாக நினைத்துப் பாருங்கள். லபெர்ஜ் வகுத்த முறை இது. ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இதோடு, பகலில் அவ்வப்போது "இது கனவா" என்று பார்க்கும் சோதனைகளையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தில் 17 சதவீத இரவுகளில் பலித்தது. படுத்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு 46 சதவீதம். ஆக, அதிக நேரம் விழித்துக்கொண்டிருப்பது எதிரி. வாரத்துக்கு இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம், அதுவும் மறுநாள் லீவு இருக்கும் இரவாக இருக்கட்டும். மார்கழியில் கோயில் ஸ்பீக்கருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அலாரமே தேவையில்லை.

கனவுக்கென்று இணையத்தில் விற்கும் கேலன்டமைன் மாத்திரையைத் தொடாதீர்கள். லபெர்ஜ் குழு 2018-இல் 4, 8 மில்லிகிராம் கொடுத்துச் சோதித்தது உண்மை, பலன் கூடியதும் உண்மை. ஆனால் அது அல்சைமர் நோய்க்கான மருந்து. இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது, மருத்துவர் சீட்டில்லாமல் விளையாடும் பொருள் அல்ல. எது நிஜம் எது கனவு என்ற கோடு பகலிலேயே மங்கும் மனநோய் உள்ளவர்கள் இந்தப் பயிற்சியையே தவிர்க்க வேண்டும்.

முடக்கம் வேண்டாம், அவ்வளவுதான் என்பவர்களுக்கு: தினமும் ஒரே நேரத்தில் தூக்கம், ஒருக்களித்த படுக்கை, ராத்திரி மது இல்லாமை. மது முன்னிரவு ரெம்மை அமுக்கி, பின்னிரவில் மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கும். மல்லாந்து படுத்தால் அமுக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது. தலைமாட்டில் வைக்கும் இரும்பும் துடைப்பமும் தசைப் பூட்டை ஒன்றும் செய்யாது. ஆனால் வைத்தால் பயம் குறைகிறது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், பாதி வேலை பயத்தைக் குறைப்பதுதான். மனச்சோர்வுக்கான மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினாலும் ரெம் திரும்ப அடிக்கும். மாற்றுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு மாற்றுங்கள். பகலில் அடக்க முடியாத தூக்கமும், சிரிக்கும்போதோ கோபப்படும்போதோ முழங்கால் தொய்ந்து விழுவதும் கூடவே இருந்தால் அது நார்கோலெப்சியாக இருக்கலாம். உரத்த குறட்டையும் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் அது வேறு. இரண்டுக்கும் தூக்க ஆய்வு செய்யும் மருத்துவரிடம் போக வேண்டும்.

பக்கத்தில் படுக்கிறவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவையுங்கள். தூக்கத்தில் மூச்சு திடீரென்று வேகமாகி, தொண்டையில் மெல்லிய முனகல் கேட்டால், தோளைத் தொட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வெளியிலிருந்து வரும் ஒரு தொடுதலில் பூட்டு சட்டென்று விட்டுவிடும். தண்ணீர் தெளிப்பதோ உலுக்கி எடுப்பதோ தேவையில்லை.